எண்ணெய் ஊசிக் குட்டிகள்

எங்கள் வீட்டில் சித்தியின் ஆராய்ச்சிக்கு எலி வளர்ப்பு என்று பெயர். பிறந்த எலிக்குட்டிக்கு முதல் பத்து நாள் ஸ்டீராய்டு ஹார்மோன் ஊசி போட்டால், வளரும் மூளையில் ஒரு நொதி சுறுசுறுப்பாகிறதா, மந்தமாகிறதா என்று பார்த்து அவள் முனைவர் பட்டம் வாங்க வேண்டும். மே மாத விடுமுறையில் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் தாம்பரத்துக் கல்லூரிக்கு நானும் அவளுடன் தினமும் போனேன்.

ஒரு கூண்டுக் குட்டிகளுக்கு ஹார்மோன் கலந்த எண்ணெய் ஊசி. அடுத்த கூண்டுக்கு வெறும் எண்ணெய்.

"இதுங்களுக்கு மட்டும் ஏன் சித்தி மருந்து இல்ல?"

"கம்பேர் பண்ணத்தான்டி. குட்டியத் தொடாத, சரியா?"

ஊசி என்றாலே மருந்து என்று நினைக்கிற ஒன்பது வயது எனக்கு. வலி எல்லோருக்கும், மருந்து பாதிப் பேருக்கு என்றால் என்ன நியாயம்? சித்தி பக்கத்து அறையில் பதிவேடு எழுதும்போதெல்லாம், வெறும் எண்ணெய் வாங்கிய குட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துத் தடவிக்கொடுத்தேன். கண் திறக்காத, ரோஜா நிறக் குட்டிகள். பத்து நாளும் தவறவில்லை. அவ்வளவு பொறுப்பாக நான் வீட்டுப்பாடம்கூட எழுதியதில்லை.

அடுத்த வாரம் சித்தி சாப்பிடாமல் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய்க் குட்டிகளின் கணக்கு எங்கும் பொருந்தவில்லை. ரசாயனத்தைச் சந்தேகப்பட்டாள், கருவியைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் தன் கையையே சந்தேகப்பட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கூண்டுல கை வச்சியாடி? கை பட்டாலே அதுங்க ஹார்மோன் மாறிடும்."

"இல்ல சித்தி" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

"நீ ஏன் அழற? உன்னையா திட்டினேன்?" என்று என் தலையைத் தடவினாள். அவள் என்னை நம்பியது இன்றும் எனக்கு வலிக்கிறது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். கூண்டுகளில் புதுக் குட்டிகள் வந்தன. பழையவை எங்கே என்றேன். பெரிதாகி வேறு அறைக்குப் போய்விட்டன என்றாள். எனக்குப் பெரிய நிம்மதி. சித்தி பாஸாகிவிடுவாள், எனக்கும் பார்க்கக் குட்டிகள் கிடைத்துவிட்டன. இந்த முறை நான் விரலைக்கூட நீட்டவில்லை.

மூளைக்குள் இருக்கும் நொதியை அளக்க வேண்டுமென்றால் மூளையை வெளியே எடுக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கல்லூரியில் விலங்கியல் படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது. நான் பாவம் பார்த்ததால், பதினோராம் நாளைப் பார்க்காமல் போவதற்கென்றே இன்னும் இரண்டு கூண்டுக் குட்டிகள் பிறக்க வேண்டியிருந்தது.