வேட்டுக் குரல்

என் அண்ணன் எச்சரித்துவிட்டுத்தான் வெடி வைத்தார் என்று எங்கள் குடும்பம் நம்பியது. அந்த நம்பிக்கையை எங்களுக்குக் கொடுத்தவர், அந்த வெடியில் இறந்துபோன காவலாளியின் மனைவி. திருச்சி நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்று அவர் சொன்னார்: "வேட்டு வேட்டுன்னு குரல் கேட்டுச்சுங்க. நீ பாலத்துக்கடியில போயி குந்திக்கன்னு எங்கிட்டச் சொல்லிட்டு, அவரு கட்டடத்துக்குள்ள போயிட்டாரு."

இரண்டு வாக்கியங்கள்தாம். நாங்கள் முதல் வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தோம். நீதிமன்றத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் அப்பா ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தம்மாவே சொல்லிடுச்சு. குரல் குடுத்திருக்கான். கொல்லணும்னு வந்தவன் குரல் குடுப்பானா?" நீதிபதியும் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். அண்ணனுக்குத் தூக்கு இல்லை, ஆயுள் தண்டனை என்று தீர்ப்பானபோது அப்பா கோயிலைப் பார்ப்பதுபோல அந்தப் பெண் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்தக் குரலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரான குரும்பலூரைச் சுற்றியுள்ள பூமி இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே பாறை. கிணறு தோண்டுவதென்றால் வெடிதான் தோண்ட வேண்டும். எழுபதுகளின் வறட்சியில் தண்ணீர் இறங்க இறங்க எல்லாரும் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பகலெல்லாம் பாறையில் குழி போட்டு மருந்து திணிப்பார்கள். பொழுது சாய்ந்து புன்செய்க் காடுகளில் வேலை செய்பவர்கள் வீடு திரும்பிய பிறகு திரி கொளுத்துவார்கள். கொளுத்துவதற்கு முன் ஒருவர் கிணற்று மேட்டில் ஏறி, வாயில் கை குவித்து, "வேட்டோ...ய்! வேட்டு!" என்று நாலு திசைக்கும் குரல் கொடுப்பார். கேட்டவர்கள் அவரவர் இருந்த இடத்தில் என்ன கூரை கிடைக்கிறதோ அதற்குள் போவார்கள். கிணற்றிலிருந்து கிளம்பும் கல் கால் மைல் தூரத்துக்கும் வந்து விழும். அடுப்பில் கொதிக்கும் உலையை விட்டுவிட்டுக் குழந்தையை உள்ளே இழுக்கும் தாய்மார்களை நான் நித்தமும் பார்த்திருக்கிறேன். கட்டிய ஆட்டைக்கூட அவிழ்த்துக் கொட்டகைக்குள் தள்ளுவோம்.

திருச்சியில் கல்லூரிக்குப் போன அண்ணன் ஓர் இயக்கத்தில் சேர்ந்தார். அரசு என்பதே வேண்டாம் என்றது அந்த இயக்கம்; துப்பாக்கியாலும் வெடியாலும் மட்டுமே அதை அகற்ற முடியும் என்றும் சொன்னது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், ஊருக்கு வெளியே, நில ஆவணங்கள் வைத்திருந்த சிறிய அரசுக் கட்டடம் ஒன்று இருந்தது. எழுத்தர்கள் வீட்டுக்குப் போன பிறகு, அந்தி வேளையில், அதன் பின்சுவரில் அண்ணன் தன்னந்தனியாகப் போய் வெடி வைத்தார். காவலாளி சிறுவாச்சூர்க்காரர். அவருடைய மனைவி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பக் கிளம்பியபோதுதான் அந்தக் குரல் கேட்டது. குற்றத்தை அண்ணன் மறுக்கவில்லை. "நான் குற்றவாளி இல்லை, அரசியல் கைதி" என்று மட்டும் நீதிமன்றத்தில் உரக்கச் சொன்னார்.

நெருக்கடி நிலைக் காலத்தில் சிறை போனவர்கள் மாலையோடு திரும்பி வந்ததை எங்கள் தெரு பார்த்திருந்தது. தன் மகனும் அப்படித்தான் வருவான் என்று அம்மா நினைத்தார். மாதம் ஒருமுறை நாங்கள் இருவரும் பஸ் ஏறித் திருச்சி போவோம். சிறை வாசலில் காவலர் கேட்பார்.

"என்ன கேஸும்மா?"

"அரசியல் கேஸுங்க."

"அரசியலா? மந்திரியா இருந்தாரா உம்மவன்?" பக்கத்திலிருந்தவர் சிரிப்பார். "கொலைக் கேஸுன்னு சொல்லு, சீக்கிரம் உள்ள போவலாம்."

அம்மா சொல்ல மாட்டார். "அரசியல் கேஸுதாங்க" என்று இன்னும் மெதுவாகச் சொல்லிவிட்டு, பொரிவிளங்காய் உருண்டை வைத்திருந்த பையைச் சோதனைக்கு நீட்டுவார்.

உள்ளே கம்பிவலைக்கு அப்பால் அண்ணன் கூட்டத்தில் பேசுவதுபோலப் பேசுவார். கைதிகளுக்கான உடையை உடுத்த மாட்டேன், தறிக்கூடத்தில் வேலை செய்ய மாட்டேன், திருடர்களோடு என்னை அடைக்கக் கூடாது என்று அவர் உண்ணாவிரதம் இருந்துகொண்டிருந்த காலம் அது.

"நான் இங்க தனி ஆளா இல்லம்மா. மக்களோட குரலா இருக்கேன்."

"சரிப்பா. தலைக்கு எண்ண வைக்கிறியா? சடை புடிச்சுக் கெடக்கு."

நான் அப்போது பெரம்பலூரில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. மாலை நேரங்களை நூலகத்தில் கழிப்பவள். எழுதியதற்காக, பேசியதற்காக, ஓர் ஊர்வலத்தில் நடந்ததற்காகப் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர்கள் எழுதிய புத்தகங்களை அங்கே படித்திருந்தேன். அரசியல் கைதி என்று அவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொள்ளத் தயங்கிய பெயரை என் அண்ணன் தன் கடிதங்களின் கீழே, கையெழுத்துக்கு அடுத்து, ஒரு பட்டம்போல எழுதிவந்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருமுறை அம்மா தண்ணீர் குடிக்கப் போன சமயத்தில் கேட்டேன்.

"அந்த வாட்ச்மேன் என்ன தப்புப் பண்ணாருண்ணே?"

"அவன் அரசுச் சம்பளம் வாங்குனவன்."

"நானுந்தான் வாங்குறேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் என்னை நலம் விசாரிக்கும் வரி இல்லை.

ஊர் எங்களை மறக்கவில்லை. பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வந்தால் நடத்துநர், "வெடிகுண்டு வூட்டு ஆளுங்கல்லாம் எறங்குங்க, மெதுவா எறங்குங்க, வெடிச்சிரப் போவுது" என்பார். பஸ் முழுவதும் சிரிக்கும். உடையார்பாளையம் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பிறகு ஆள் அனுப்பவில்லை. எங்கள் கிணற்றில் வேலை செய்ய வரும் ஆட்கள், "மருந்து நாங்க கொண்டாரணுமா, ஒங்க வூட்லயே இருக்கா?" என்று அப்பாவின் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "அவன் குரல் குடுத்தான்யா." அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு கோடைகளைக் கடந்தார். மூன்றாவது கோடையில் இறந்துபோனார்.

காரியம் செய்ய மூத்த மகன் வேண்டும் என்று மனுக் கொடுத்ததில், பதினாறாம் நாளுக்கு மட்டும் அண்ணனைப் பகலில் அனுப்பினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் கூட வந்தார்கள். அவர் மொட்டையடித்துக்கொண்டு பிண்டம் வைத்தார். அதுவரை எல்லாம் முறையாக நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு இயக்கத்துக்காரர்கள் சிலர் வாசல் பந்தலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் அரியலூரிலிருந்து வந்த கண்ணாடிக்காரர் ஒருவர் அம்மாவின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, வர்ற ஞாயித்துக்கெழம அரியலூர்ல கூட்டம். நீங்க நெறைய பேச வேணாம். எம்புள்ள அரசியல் கைதி, அவன விடுங்கன்னு ஒரு வார்த்த. தாய் சொன்னா சனம் கேக்கும். சனம் கேட்டா அரசு கேட்டுத்தான் ஆவணும்."

"சொன்னா விட்டுருவாங்களா?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்லாம நடக்காது."

இரண்டு நாள் முன்பு அவர்கள் ஆள் அனுப்பிக் கேட்டபோதே அம்மா ஒப்புக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குக் கட்டிக்கொள்ள வெளுத்த புடவை ஒன்றை மடித்து வைத்திருந்தார். அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். அப்பா போய்விட்டார்; நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை; மகன் வீட்டுக்கு வந்துவிட்டால் போதும். கொள்கை எதுவும் அவர் மனத்தில் இல்லை. "மேடையில ஏற எனக்குக் கூச்சமா இருக்கும், நீ கூட வர்றியா?" என்று என்னைக் கேட்டார். நான் வேறு வேலையைப் பார்க்கப் போனேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் புறப்பட வேண்டும் என்று எழுந்தார்கள். அப்போது கிழக்கே, இரண்டு காடு தள்ளி, யாரோ ஒருவருடைய கிணற்று மேட்டிலிருந்து குரல் வந்தது.

"வேட்டோ...ய்! வேட்டு!"

பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே எழுந்து ஓட்டு வீட்டுக்குள் வந்தார்கள். கீற்றுப் பந்தல் கல்லைத் தாங்காது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இளம் போலீஸ்காரர் மட்டும் வாசலிலேயே நின்று, "என்ன சத்தம் அது?" என்று சுற்றிலும் பார்த்தார். அவர் கடற்கரைப் பக்கத்துக்காரர். அம்மா அவர் கையைப் பிடித்து, "உள்ள வாங்க தம்பி, கல்லு வந்து விழும்" என்று இழுத்தார். இழுத்தவர் திரும்பியபோது எதிரே அண்ணன் நின்றிருந்தார். எல்லாருக்கும் முன்னால் வந்து, உத்தரத்துக்குக் கீழே, சுவரில் முதுகை ஒட்டி நின்றிருந்தார். சிறுவயதில் அம்மா அவரை நிறுத்திவைக்கும் இடம் அது.

தரை அதிர்ந்தது. பிறகு ஓட்டின்மேல் சின்னக் கல் ஒன்று விழுந்து உருண்டது.

அம்மா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா உள்ள வந்தே?"

"என்னம்மா கேக்குற? வேட்டு வைக்கிறாங்கல்ல?"

"அந்தக் கொரல் கேட்டா உள்ளதான் வருவியா?"

"பின்ன?"

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவர் நின்றுபோனார். மொட்டைத் தலையில் வேர்த்திருந்தது.

"அந்த மனுசனும் உள்ளதான்டா போனான்" என்றார் அம்மா.

 கண்ணாடிக்காரர்தான் சமாளிக்கப் பார்த்தார். "அம்மா, அது ஒரு போராட்டச் சூழ்நெல..."

"அது வேற, இது வேறம்மா" என்றார் அண்ணன்.

"என்னடா வேற? கொரல் ஒண்ணுதான? ஒங்கப்பன், 'எம்புள்ள குரல் குடுத்தான், குரல் குடுத்தான்'னு சொல்லியே செத்தாரு. வெளிய போன்னு குடுத்தியா, உள்ள போன்னு குடுத்தியா?"

அண்ணன் தெரிந்தே செய்தாரா, யோசிக்காமல் செய்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. யோசிக்கவில்லை என்றால், அந்தக் கட்டடத்தின் வாசலில் ஒரு மனிதர் இருந்தார் என்பதையே அவர் யோசிக்கவில்லை என்றுதான் பொருள். இரண்டில் எது மேல் என்று தேர்ந்தெடுக்க நான் முயன்றதில்லை.

அம்மா கண்ணாடிக்காரரிடம் திரும்பினார். "நான் மேடைக்கு வரலிங்க. போட்டு வச்ச நாற்காலியில வேற யாரையாச்சும் உக்கார வைங்க."

"அம்மா!" என்றார் அண்ணன். மேடைக்குரல் இல்லை, பையனின் குரல். அம்மாவின் முகம் ஒரு கணம் நெகிழ்ந்ததை நான் பார்த்தேன். அவர் சமையற்கட்டுக்குப் போய், காரியத்துக்குச் சுட்ட வடைகளை இலையில் கட்டிக்கொண்டு வந்து இளம் போலீஸ்காரரிடம் கொடுத்தார். "வழியில அவனுக்குக் குடுங்க. நீங்களும் தின்னுங்க."

போயிட்டு வரேன் என்று சொல்லாமலே அண்ணன் ஜீப்பில் ஏறினார்.

அரியலூரில் கூட்டம் நடந்தது. பெற்ற தாயையே மிரட்டி வாயை மூடவைத்த அரசு என்று அங்கே பேசினார்களாம். அம்மாவிடம் அதைச் சொன்னபோது, "என்ன யாரு மிரட்டுனா? பஸ்ஸு கண்டக்டரா?" என்று கேட்டுவிட்டு முறத்திலிருந்த உளுந்தைப் புடைக்கத் தொடங்கினார்.

சில வாரங்கள் கழித்து அம்மா என்னை அழைத்துக்கொண்டு திருமானூர் போனார். காவலாளியின் மனைவி தன் தாய்வீட்டோடு அங்கே வந்துவிட்டிருந்தார். வாய்க்கால் ஓரத்தில், கரும்புத் தோட்டத்தை ஒட்டிய வீடு. யார் என்று சொன்னதும் அவர் கதவின் குறுக்கே வந்து நின்றுகொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

"கொரல் கேட்டுச்சுன்னு நான் சொன்னத வச்சுத்தான ஒங்க மவன் தூக்குலேருந்து தப்பிச்சான்?"

"ஆமாம்மா" என்றார் அம்மா.

"நான் கேட்டதத்தான் சொன்னேன். ஒங்க மவனுக்காவச் சொல்லல."

"தெரியும்மா."

"தெரிஞ்சா சரி. போங்க."

அம்மா அந்த வாசலைக் குனிந்து கும்பிட்டார். அந்தப் பெண் அதை ஏற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது அம்மா, "நம்மள அடிச்சிருந்தாக்கூடத் தப்பில்ல" என்றார். 

சிறைக்குப் போவதை அம்மா நிறுத்தவில்லை. அதே மாதம் ஒருமுறை, அதே பஸ், அதே பொரிவிளங்காய் உருண்டை. பையைச் சோதித்த காவலர் வழக்கம்போலக் கேட்டார்.

"என்ன கேஸும்மா?"

"கொலைக் கேஸுங்க."

காவலர் நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கம்பிவலைக்கு அப்பால் வந்து நின்ற அண்ணனிடம் அம்மா, "எண்ண வச்சியா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் கொள்கை பேசியபோது அம்மா கேட்டுக்கொண்டார். அரசியல் கைதி என்ற சொல் வந்தபோது மட்டும், "அத எங்கிட்டச் சொல்லாத" என்று குரலை உயர்த்தாமல் சொன்னார். ஒவ்வொரு மாதமும் சொன்னார்.

எண்பதுகளின் இறுதியில் அண்ணன் தண்டனை முடிந்து வந்தபோது அம்மா இல்லை. அண்ணன் குரும்பலூர் வீட்டுக்கு வரவில்லை. அரியலூரில் இயக்கத்துக்காரர்கள் ஏற்பாடு செய்து கொடுத்த ஓர் அறையில் தங்கிவிட்டார். பொங்கலுக்கு நான் அரிசியும் வெல்லமும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறார். அறைச் சுவரில், விடுதலையான அன்று மாலையும் கழுத்துமாக எடுத்த அவருடைய படத்தின் கீழே, அரசியல் கைதி என்ற அந்தப் பட்டம் இப்போதும் எழுதியிருக்கிறது.

அந்தச் சாலையில் அன்று மாலை இருந்தவர்கள் மூன்று பேர். குரல் கொடுத்தவர் அரியலூரில் இருக்கிறார். சோறு கொண்டுபோனவர் திருமானூரில் இருக்கிறார்.