தேதி எழுதாத மரண அறிவிப்பு

வெலிச்காவின் பிழைப்பே செத்தவர்களோடுதான். ஸ்லிவென் நகரச் சந்தைக்குப் பக்கத்தில் மரண அறிவிப்பு அச்சடிக்கும் கடையில் முப்பது வருஷமாக வேலை. எங்கள் ஊரில் யார் போய்ச் சேர்ந்தாலும், படம் போட்ட அறிவிப்பை வாசற்கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவோம். மழையில் கரைந்தால் கரையட்டும். மனிதர் யாரும் அதைக் கிழிக்கமாட்டார்கள். அது பாவம்.

அவள் கணவர் ஸப்ரியானுக்கு இதய நோய். போன குளிர்காலத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, குடியிருப்புச் சந்தின் முனையில் ஒரு கார் குறுக்கே நின்றது. ஆம்புலன்ஸ் நுழைய முடியவில்லை. பனியில் இருநூறு தப்படி அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"இன்னொரு தடவை இப்படி லேட்டானா ஆள் தங்கமாட்டார்," என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கார் மிலெனுடையது. அதே கட்டடத்தின் ஆறாவது மாடியில் வயதான தாயோடு குடியிருப்பவன். வெலிச்கா கெஞ்சினாள், சண்டை போட்டாள், நகராட்சிக்கு மூன்று மனு கொடுத்தாள். "ரெண்டே நிமிஷம்க்கா," என்பான். அந்த இரண்டு நிமிஷம் மறுநாள் காலையில்தான் முடியும். 'நிறுத்தாதே' என்று பலகை வைத்தால் அதையே இடித்துக்கொண்டு நிறுத்தினான், கட்டையில போறவன்!

ஒரு நாள் சாப்பிடும்போது வெலிச்கா கேட்டாள். "உங்க போட்டோ ஒண்ணு வேணும்."

"எதுக்கு?"

"உங்க சாவு நோட்டீஸுக்கு."

ஸப்ரியான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "மீசை வச்ச படத்தைப் போடு. சாகறதுதான் சாகறேன், லட்சணமா சாகறேனே!"

மிலென் கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் அறிவிப்பு ஏறியது. 'ஸப்ரியான், வயது எழுபத்தொன்று. இறந்த காரணம்: இங்கே நின்ற கார். இறந்த தேதி:' அதற்கப்புறம் வெற்றிடம்.

போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படித்தார்கள். பாதி படித்த இரண்டு பெண்கள் துக்கத்துக்கு அவித்த கோதுமையோடு வந்தே விட்டார்கள். கதவைத் திறந்த ஸப்ரியான் அதை வாங்கி ரசித்துச் சாப்பிட்டார்.

மிலென் கத்திக்கொண்டே வந்தான். அறிவிப்பைக் கிழிக்கக் கை ஓங்கினான். கை அந்தரத்திலேயே நின்றது.

"உயிரோட இருக்கற மனுஷனுக்கா? உங்களுக்கென்ன பைத்தியமாக்கா?"

வெலிச்கா பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். "தேதி மட்டும்தான்ப்பா பாக்கி. உன் கையாலயே எழுதிடு."

அவன் பேனாவைத் தொடவில்லை. அன்றோடு அந்தக் கார் சந்துக்கு வருவது நின்றது.

ஏப்ரலில், பட்டப்பகலில், ஸப்ரியானுக்கு மறுபடியும் நெஞ்சு வலி. இம்முறை ஆம்புலன்ஸ் நேரே படிக்கட்டுக்கே வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தவன் மிலென். பிழைத்துக்கொண்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்ததும், யாருக்கும் அசராத வெலிச்கா படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அடுத்த வாரம் மிலென் அவள் கடைக்கு வந்தான். சந்தின் மறுமுனையில் புதிதாகக் குடிவந்தவர்கள் வண்டியைக் குறுக்கே விடுகிறார்களாம். தன் தாயின் படத்தை மேசைமேல் வைத்தான்.

"அம்மாவே எடுத்துக் குடுத்தாங்க," என்றான். "தேதிய மட்டும் விட்டுடுங்கக்கா."