உடம்பை வைத்து எண்ணிய வருடங்கள்

எல்லோருக்கும் சோறு போட்டு முடித்த பிறகுதான் அர்லீன் தன் தட்டை எடுப்பாள். கோழியைப் பிய்ப்பாள், சோற்றைக் கிளறுவாள், ஓரமாக ஒதுக்குவாள். பேச்சு சூடுபிடித்ததும் தட்டு மேசைக்கடியில் நாயிடம் போய்விடும். கேட்டால், "சமைக்கறப்பவே ருசி பாத்து வயிறு நிறைஞ்சிடுச்சுக்கா" என்பாள்.

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் ஒரே பள்ளியில் வேலை எங்களுக்கு. அவள் பாட்டு ஆசிரியை, நான் கணக்கு. ஏப்ரல் வெயிலிலும் அவளுக்கு முழுக்கைச் சட்டைதான். கண்ணாடி மாட்டிய சுவருக்கு முதுகைக் காட்டியே உட்காருவாள்.

விசித்திரம் அவளுடைய ஞாபகம். எந்த வருடத்தைக் கேட்டாலும் உடம்பை வைத்தே சொல்வாள். அண்ணன் கல்யாணமா? "அப்ப எனக்குத் தொடை ரெண்டும் உரசும்." பட்டம் வாங்கிய நாளா? "மூஞ்சி பன்னு மாதிரி இருந்துச்சு." கல்யாணத்தில் யார் பாடினார்கள் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள்.

பதினோரு வயதில், மே மாத மாதா ஊர்வலத்துக்கு அவளை ராணியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கவுனின் ஜிப் ஏறவில்லை. "இது ராணியா, அரிசி மூட்டையா?" என்று செலிங் அத்தை வாசலில் நின்று கத்த, தெருவே சிரித்தது. கிரீடம் பெரியப்பா மகளுக்குப் போனது. அத்தைக்கு இன்று அது நினைவிலேயே இல்லை. "நானா சொன்னேன்? சும்மா இரு! பிள்ளைன்னா கொழுகொழுன்னு இருந்தாத்தானே அழகு!"

போன வருடம் திருப்பலியில் பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "சின்ன வயசுல சந்தோஷமா இருந்த ஒரு நாளைச் சொல்லும்மா" என்றார். அர்லீன் வெகுநேரம் யோசித்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

காரணத்தைப் பிறகு என்னிடம் சொன்னாள். "எந்த நாளை நினைச்சாலும் உடம்புதான் ஞாபகம் வருதுக்கா. அப்பா அடக்கத்தன்னிக்குக் கறுப்புச் சட்டை தொளதொளன்னு இருந்துச்சு. இளைச்சு அழகாயிட்டேன்னு அத்தை சொன்னாங்க. அது மட்டும் பளிச்சுனு இருக்கு. அதுக்கு முந்தின நாள் அப்பா கட்டில்ல கிடந்து எங்கிட்ட ஏதோ சொன்னார். பக்கத்துலதான் இருந்தேன். என்னன்னு ஞாபகம் இல்ல."

இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாள். சில நாள் முடிகிறது, சில நாள் முடிவதில்லை.

நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களை நினைக்கும் நாளில், கல்லறைத் தோட்டத்தில் அவள் அப்பாவின் சமாதியருகே குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தோம். மெழுகுவர்த்திகள், நூடுல்ஸ், அரிசிக் கேக். செலிங் அத்தை வந்ததும் வராததுமாக, "அடியே, கன்னம் வச்சிருச்சே! நல்லாத் தின்றபோல?" என்றாள். அர்லீனின் கரண்டி பாதியில் நின்றது.

"செலிங், அங்க மெழுகுவர்த்தி அணைஞ்சிருச்சு, போய்ப் பாரு" என்று அவளை விரட்டினாள் அர்லீனின் அம்மா. பிறகு மகளைப் பார்க்காமல், சமாதியைப் பார்த்தபடி சொன்னாள்: "உங்கப்பா கடைசியா உன்னைப் பாடச் சொன்னார். நீ பாடினே. 'இவ குரல் எங்கம்மா குரல்'னு சொல்லிச் சிரிச்சார்."

"நான் பாடினேனா?"

"முழுப் பாட்டும்."

அர்லீன் தட்டைக் கீழே வைத்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை, அம்மாவின் முழங்காலில் தன் முழங்கால் இடிக்கும்வரை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மறுபடி சொல்லும்மா. மொதல்லேர்ந்து."