காயல் என்றால் அடிபட்டது

“...அடிபட்டதுன்னு எழுதியிருக்கா சார். காயல்னா அடிபட்டதாம். எங்க ஊருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஊரு பேரே காயல்தான். அப்போ அது என்ன, அடிபட்ட ஊரா? இத்தனை வருசமா பூகோளம் எடுக்கேன், இப்படியொரு பதிலை நான் வாசிச்சதில்ல.”

டில்லி மோதி பாகில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பள்ளியின் ஆசிரியர் அறையில், மார்ச் மாதக் கடைசியில், பூகோள டீச்சர் என்னிடம் சொன்னது இது. அவருக்குத் தூத்துக்குடி. டில்லிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அவர் தமிழில் உப்புக்காற்று போகவில்லை. மேஜைமேல் என் மகளின் எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை விடைத்தாள் கிடந்தது. மகள் என் பக்கத்தில் நின்று பின்னலின் ரிப்பனை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வரவில்லை.

காரணம் இருந்தது. அரைப்பரீட்சையில் சமூக அறிவியலில் அவள் பெயில். அந்தச் சமயம் பார்த்து சேலத்திலிருந்து என் மைத்துனர் வந்திருந்தார். நல்ல மனிதர், குரல் மட்டும் மைக் இல்லாமலே மேடைக்குப் போதும். “டில்லியில வச்சிருந்தா தமிழும் வராது, படிப்பும் வராது மாமா. என்கிட்ட விடுங்க, தேத்திக் காட்டுறேன்” என்றார். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முழுப்பரீட்சையிலும் போய்விட்டால் மகள் சேலத்துக்குப் போய் மாமா வீட்டில் தங்கி எட்டாம் வகுப்பைத் திரும்பப் படிப்பது என்று. நான் தலையாட்டினேன். என் மனைவியும் சரி என்றாள். சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். மகள் அழவில்லை, எதிர்க்கவுமில்லை. படுக்கப் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

“சேலத்துல நான் ஹிந்தியை யார்கூடப்பா பேசுவேன்?”

பிறந்ததிலிருந்து விளையாட்டும் சண்டையும் ரகசியமும் ஹிந்தியில் நடத்திய பிள்ளை. அன்றிலிருந்து எனக்கு எட்டாம் வகுப்புப் பூகோளம்தான் உலகத்திலேயே பெரிய விஷயமாகிவிட்டது.

ஜனவரியில் அவளுக்கு அம்மை போட்டது. டில்லிக் குளிரில் அம்மை என்றால் சொறியவும் முடியாது, குளிக்கவும் முடியாது. ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தாள். சரியாக அந்த நாட்களில்தான் பள்ளியில் கடைசிப் பெரிய பாடம் நடந்தது: கடற்கரைகளும், சுற்றுலாவும், நீடித்த குடியிருப்புகளும். டீச்சர் அதை வாயால் சொல்லிக் கேட்கும் பாக்கியம் அவளுக்கு இல்லாமல் போனது. படுத்தபடியே புத்தகத்தை உரக்க வாசிப்பாள். அவள் தமிழ் வாசிப்பு, வேகத்தடை நிறைந்த ரோட்டில் சைக்கிள் போவது மாதிரி இருக்கும். நின்று நின்று, குதித்துக் குதித்து.

அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்துக்கு லோதி ரோடு ஆபீஸ்தான் படி அளந்தது. நான் அங்கே எல்.டி.சி., அதாவது கீழ்நிலை குமாஸ்தா. ஊருக்குப் போவதும் எல்.டி.சி.யில்தான், அதாவது சர்க்கார் தரும் விடுமுறைப் பயணச் சலுகையில். இங்கிலீஷில் அவை வேறு வேறு எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும். எங்கள் செக்‌ஷனில் ஒரு தஞ்சாவூர்க்காரர், “எல்.டி.சி. எல்.டி.சி.யில் போய்விட்டு எல்.டி.சி.யாகவே திரும்பி வருகிறான்” என்று என்னைக் கேலி செய்வார். அப்படிப் போகும்போதெல்லாம் மெட்ராஸ் சென்ட்ரலில் இறங்கி, மூட்டையைக் கூட எண்ணாமல் அடுத்த ரயிலுக்கு ஓடுவோம். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்களும் நம்பினோம்.

கடலைப் பார்க்காத அந்தப் பிள்ளை ஒருநாள் வாசித்தாள்: ‘அலைகள் கொண்டு வரும் மணல் படிந்து, கடலின் ஒரு பகுதி பிரிந்து காயல் ஆகிறது.’

வாசித்துவிட்டு நிறுத்தினாள். “அச்சா” என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு, “பாவம்ல” என்றாள்.

ஹிந்தியில் ‘க’ என்ற ஓசைக்கு நாலு எழுத்து. நமக்கு ஒன்றே ஒன்று, அதை வைத்து நாம் நாலு வேலையும் பார்த்துக்கொள்கிறோம். தமிழனுக்கு அதில் சிரமமில்லை. ஆனால் டில்லியில் பிறந்த பிள்ளை ‘காயல்’ என்று அச்சில் பார்த்தால், அடித்தொண்டையிலிருந்து மூச்சை விட்டுச் சொல்லும் ஹிந்திக் காயல்தான் அதன் காதில் விழும். அடிபட்டது, புண்பட்டது என்று பொருள். பஸ் கவிழ்ந்தால் மறுநாள் ஹிந்திப் பேப்பரில் இத்தனை பேர் காயல் என்று போடுவார்கள்.

சந்தேகத்துக்கு அம்மாவைக் கேட்டிருக்கிறாள். அடுப்படியில் இருந்தவள் திரும்பாமலே தீர்ப்புச் சொன்னாள்: “காயம்னா அடி. காயல்னா அடிபட்டது. இதுல என்ன சந்தேகம்?” எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நான் தர்மபுரிப் பக்கம், அவள் சேலம். எங்கள் பக்கத்தில் ஏரி உண்டு, குட்டை உண்டு, மழை பெய்தால் தெருவிலும் தண்ணீர் உண்டு. காயல் கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் ஆட்களோடு பேசிப் பேசிச் சேர்த்தது. தூத்துக்குடிக்காரர் யாரும் அதுவரை என் பேச்சில் அகப்படவில்லை.

ஆக வீட்டில் மூன்று பேரும் ஒருமனதாகக் கடல் அடிபட்டதாக முடிவு செய்தோம். அவளும் பரீட்சை எழுதிவிட்டு, “பூரா எழுதிட்டேன்” என்று சந்தோஷமாக வந்தாள்.

பிறகுதான் டீச்சர் ஆளனுப்பினார், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். மனைவி வரமாட்டேன் என்றுவிட்டாள். “நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க. நான் வந்தா அங்கயே அழுதுருவேன்” என்றாள். பள்ளிக்கூடம் ஐந்து நிமிட நடை. அன்றைக்கு மகள் என்னைவிட முன்னால் நடந்தாள், கெட்ட செய்தியை முதலில் தான் வாங்கிக்கொள்ளலாம் என்பது போல.

டீச்சர் அந்தப் பதிலை முழுதாக வாசித்துக் காட்டினார். இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்:

‘காயல் என்றால் அடிபட்டது. கடல் தன்னுடைய ஒரு பகுதியை விட்டுப் பிரிந்தால் காயல் ஆகும். நடுவில் மணல் வந்து விடுவதால் இரண்டும் சேர முடியாது. பிறகு சுற்றுலாப் பயணிகள் வந்து குப்பை போட்டு இன்னும் காயல் ஆக்குவார்கள். காயலான இடத்தில் வீடு கட்டினால் அதற்கு வலிக்கும். அதனால் தள்ளிக் கட்ட வேண்டும்.’

வாசித்து முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “மணல் பிரிச்சுதுன்னு எழுதியிருக்கா, அது சரி. அதுக்குப் பாதி போடலாம். வலிக்கும்னு எழுதியிருக்கா பாருங்க, அதுக்கு மார்க் போட எனக்கு வழியில்ல.”

பிறகு விஷயத்துக்கு வந்தார். தாள் இருக்கிற நிலையில் தேறாது, கொஞ்சம் குறைகிறது. நாளைக்கு மார்க்கைப் பிரின்சிபாலிடம் கொடுத்தாக வேண்டும். எனக்குக் காதில் ரயில் சத்தம் கேட்டது. சேலம் போகிற ரயில்தான். என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. உடம்புக்கு முடியாமல் வகுப்புக்கு வராத பிள்ளைகளை அந்தப் பாடத்தில் வாய்மொழியாகக் கேட்கப் பள்ளியில் அனுமதி உண்டு என்றும், அதற்காகத்தான் கூப்பிட்டேன் என்றும் சொன்னார். “என் இஷ்டத்துக்கு மார்க் போட முடியாது சார். கேக்க முடியும். அவ சொன்னாத்தான் உண்டு. நீங்க நடுவுல வாயத் தொறக்கப்படாது.”

பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. பக்கத்து மேஜையில் ஹிந்தி மாஸ்டர் தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவருக்கு அருகே கிடந்த ஸ்டூலைக் கண்ணால் காட்டினார் டீச்சர். போய் உட்கார்ந்தேன்.

“புஸ்தகத்தை விடு பிள்ள,” என்றார் மகளிடம். “ஒரு கடற்கரை. அதுல கொஞ்சம் பேரு மீன் பிடிச்சுக் குடியிருக்காங்க. இடம் நல்லாருக்குன்னு டூரிஸ்ட் வர ஆரம்பிச்சாச்சு. ஓட்டல் கட்டணும்னு ஒருத்தர் வாராரு. நீதான் பெரிய ஆபீசர். என்ன செய்வ?”

அவள் நின்றாள். ரிப்பன் சுற்றியது, அவிழ்ந்தது. வெளியே மைதானத்தில் யாரோ ‘ஜல்தி ஜல்தி’ என்று கத்தினார்கள். அது அவளுக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

“ஹிந்தி கலந்து சொல்லலாமா மேம்?”

“எதுல வேணும்னாலும் சொல்லு. கடலுக்கு என்ன, பாஷையா தெரியும்?”

அவ்வளவுதான், பிள்ளைக்கு அடைப்பு எடுத்த மாதிரி ஆயிற்று. ஓட்டல்காரர் மோட்டார் வைத்துத் தண்ணீரையெல்லாம் இழுத்துவிடுவார் என்றாள். அது எப்படித் தெரியும் என்றார் டீச்சர். “எங்க குவார்ட்டர்ஸ்ல அப்படித்தான் மேம். கர்மீல வெயில் ஏறினா கீழ்வீட்டு அங்கிள் கூலர் ரொப்புவார், மேல எங்க டேப்புல காத்து வரும். மம்மி திட்டுவாங்க, அவருக்குக் கேக்காத மாதிரி.” அதனால் ஊர்க்காரர்களின் தண்ணீரை முதலில் தனியாக வைத்துவிட்டு, மிச்சம் இருந்தால்தான் ஓட்டலுக்கு என்றாள். இன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நாளைக்கு ஓட்டல்காரரும் காற்றைத்தான் விற்கவேண்டும் என்றாள்.

“அப்போ டூரிஸ்டே வேண்டாங்கியா?”

அது கொக்கி என்று எனக்குப் புரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“இல்ல மேம், வரட்டும். அவங்க வந்தாத்தானே அந்த ஊர்ல கடை ஓடும். ஆனா எல்லாரும் ஒரே நாள் வரக்கூடாது. சண்டே சாயங்காலம் இந்தியா கேட் மாதிரி ஆயிடும். புல்லே தெரியாது, பேப்பர் பிளேட்தான் தெரியும்.”

ஹிந்தி மாஸ்டரின் பேனா நின்றுவிட்டது. தமிழ் அவருக்கு அரைகுறை. கலந்து கிடந்த ஹிந்தியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

வீடுகளை எங்கே கட்டச் சொல்வாய் என்று கடைசியாகக் கேட்டார் டீச்சர். தண்ணீரிலிருந்து தள்ளி, மேட்டில் என்றாள் மகள். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் விழுப்புரத்து அம்மாவின் தங்கை யமுனைக் கரையில் குடிசை போட்டிருந்தாள்; ஆற்றில் வெள்ளம் வந்தால் அடுப்பு, பிள்ளை, டிரங்குப் பெட்டியோடு ரோட்டோரம் வந்து டென்ட்டில் இருப்பாள். மகள் அதைச் சொன்னாள்.

“தெரிஞ்சும் ஏன் அங்க போயிக் கட்டினாங்க?”

“வேற எங்க மேம் எடம் குடுத்தாங்க?”

டீச்சர் தாளிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். பிறகு மகளே மெதுவாகத் தொடர்ந்தாள்: அந்த ஆபீசர் ஓட்டலுக்கு இடம் பார்ப்பதற்கு முன்னால் அவர்களுக்கு மேட்டில் இடம் பார்க்கவேண்டும், அதுவும் ரொம்பத் தூரத்தில் இல்லை, வேலைக்கு நடந்து போகிற தூரத்தில்.

ஹிந்தி மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். “பாயி சாப், மே தோ காயல் ஹோ கயா,” என்றார் என்னைப் பார்த்து.

நான் பதறிப்போய் எழுந்துவிட்டேன். எங்கே இடித்துக்கொண்டார், ரத்தம் வருகிறதா என்று அவர் முழங்காலைப் பார்த்தேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, அது வேற காயல். லேசான க. தோத்துட்டேன், ஒத்துக்கிட்டேன்னு மத்லப்.”

இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் காட்டினாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. டீச்சருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது, உதட்டை அசைத்து இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. “நமக்கு ஒரே ஒரு ‘க’வைக் குடுத்துட்டு இவங்க இத்தனை வச்சுக்கிட்டாங்களே” என்றார். அந்தச் சிரிப்பில்தான் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. மகளும் சிரித்தாள். சேலம் என்ற பேச்சு வந்ததிலிருந்து அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்க்கவில்லை.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எங்களுக்குத் தெரியாதபடி தாளைக் கையால் மறைத்து ஏதோ எழுதினார். மடித்துக் கட்டோடு சேர்த்து வைத்தார். என் கேள்வி வாய்வரை வந்துவிட்டது.

“கேக்காதீங்க சார். ரிசல்ட் ஒட்டுற வரைக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. சொன்னா என் வேலைக்குத்தான் காயல்.”

அது எந்தக் காயல் என்று நான் கேட்கவில்லை. அவர் எழுந்து சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். மேல்தட்டில் எம்பித் தேடி, முனை மடங்கிய ஒரு புத்தகத்தை உருவினார். சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்தார். ஒன்பதாம் வகுப்புப் பூகோளம். அதை என் மகளின் கையில் வைத்து, லீவில் வாசித்து வை, இந்தத் தடவை சத்தம் போட்டு என் வீட்டுக்கே வந்து வாசி என்று சொல்லிவிட்டு, விடைத்தாள் கட்டைத் தூக்கி இடுப்பில் அண்டக் கொடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறையைப் பார்த்து நடந்தார்.