யானைக்குட்டி இல்லாத திரை

அடுத்த ஆண்டுக்கான டைரி வாங்க ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குப் போயிருந்தேன். பக்கத்துக்கு ஒரு நாள், கோடு போட்ட தாள், நீல அட்டை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாங்கமாட்டேன். கடைக்காரப் பெண்ணுக்கு என்னைக் கண்டாலே அலுப்பு. அடுத்த கடை வாசலில் ஒரு வீடியோ கேம் ஓடிக்கொண்டிருந்தது. இசை காதில் விழுந்ததும் கால் நின்றுவிட்டது. திரையில் குடை பிடித்த தவளை.

எங்கள் பழைய விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள். இப்போது வசனம் ஆங்கிலத்தில் வருகிறது. தவளை தன் தலைவனிடம் கெஞ்சியது: “என்னை அனுப்பிவிட்டால் என் ஊரை இருட்டு தின்றுவிடும்.” அது என்ன சொல்கிறது என்பதை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். நாங்கள் விளையாடிய குறுந்தட்டில் எல்லாமே ஜப்பானிய எழுத்து.

சூடேறிய பிளாஸ்டிக்குக்கு ஒரு வாடை உண்டு. உங்களுக்கு அது வெறும் மின்சாரச் சாமான் வாடையாக இருக்கலாம். எனக்கு மட்டும் அதோடு ஒட்டுப்பால் நாற்றமும் கலந்தே வரும். ரப்பர் மரத்துக் கோப்பையில் மிஞ்சி உறைந்து புளித்துப்போன பால் அது. தோட்டத்துச் சாக்குகளையும் சட்டைகளையும் விட்டு அந்த நாற்றம் போகவே போகாது. மரங்களை வெட்டிச் சாய்த்த பிறகும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அது இருந்தது.

லகாட் ஊரைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். நான் அப்போது ஈப்போவில் குமாஸ்தா வேலையில் சேர்ந்து, ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். தோட்டத்தை யாரோ வாங்கிவிட்டார்கள். லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மற்ற லயங்கள் காலியாகி, எங்கள் வரிசையில் மட்டும் நான்கு குடும்பங்கள் மிஞ்சியிருந்தன. மாற்று வீடு கட்டித் தரும்வரை யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முனியாண்டி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். நால்வரும் நின்றால்தான் வீடு கிடைக்கும். ஒருவர் போனாலும் மற்றவர்களின் பேச்சு எடுபடாது. இது எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த வீட்டுச் சரோஜாக்கா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவ்வளவு வேகமான விரல்களை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கேம் மெஷினைப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி வந்தவர் அவர்தான். தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கு வந்த கார்ட்டூன் மிருகங்கள் அதில் வாளும் கேடயமுமாகச் சண்டை போட்டன. ஊர் ஊராகப் போக வேண்டும். சண்டை போடப் போட மிருகங்களுக்குப் பலம் கூடும். வரைபடத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு விளக்கு. பின்னாலேயே ஓர் இருட்டு ஊர்ந்து வரும்.

வீட்டுக்கொரு மிருகம் என்று சரோஜாக்காதான் பிரித்தார். மணியம் அண்ணனுக்குத் தவளை. சட்டிமூடியைக் கேடயமாகப் பிடித்த யானைக்குட்டி எங்களுக்கு. சரோஜாக்காவுக்கு நரி. லெட்சுமி அத்தைக்குக் கிடைத்தது பல்லில்லாத முதலை.

“ஏன்டி, அந்தப் பல்லு போன மொதல நான்தானா?”

“கடிக்கத்தான் முடியாது அத்த. வாயால அடிக்குது பாருங்க, ஒங்கள மாதிரியே லா.”

அத்தை சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு தெறித்தது. நான் மோசமான ஆட்டக்காரி. எந்த வாள், எந்த வரிசை என்று யோசித்து முடிப்பதற்குள் செத்திருப்பேன். “தங்கச்சி, பேய் ஒன் ஃபைலு முடியுறவரைக்கும் காத்திருக்காது” என்பார் சரோஜாக்கா.

தோட்டத்தில் ஒரு வழக்கம். ஒருவர் வேலையை விட்டால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டத்து எழுத்தரான கிராணி அவர் பெயரை வெட்டுவார். பேர் வெட்டியாச்சு என்றால் அந்த ஆள் இனி நம் ஆள் இல்லை. பெரட்டும் கிராணியும் போன பிறகும் சொல் மட்டும் எங்கள் வாயில் இருந்தது.

முதலில் போனவர் மணியம் அண்ணன். பாகான் செராயில் மச்சான் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிப் போனார். வீட்டுச் சாமான்களை ஏற்ற லாரிதான் திரும்பி வந்தது. அன்று சரோஜாக்கா மெஷினைப் போட்டதும் தவளையின் மேல் விரலை வைத்தார்.

“பேரு வெட்டியாச்சு.”

பொத்தானை அழுத்தித் தவளையைக் கூட்டத்திலிருந்து விலக்கினார். அது என்னவோ பேசியது. எழுத்து ஓடியது. எங்களுக்குப் புரியவில்லை. குடையை மடக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நடந்துபோனது. கொஞ்ச நேரத்தில் வரைபடத்தில் ஒரு விளக்கு அணைந்தது. இருட்டுதான் நெருங்கி வருகிறது என்று நினைத்தோம்.

லெட்சுமி அத்தையை மகன் வந்து கூட்டிப்போனான். முதலையும் போனது, இன்னொரு விளக்கு அணைந்தது. அந்த வாரமே லயத்தின் மறுகோடியில் காலி வீடுகளின் கூரைத் தகரத்தை உரிக்க ஆட்கள் வந்தார்கள். ஆணி பிடுங்கும் சத்தத்துக்கு மேல் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு சரோஜாக்கா ஆடினார். நரியும் யானைக்குட்டியும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று அடித்தன. “ரெண்டு பேரு போதும் லா, பாத்துக்கலாம்” என்றார். விளையாட்டைப் பற்றி மட்டும் அதைச் சொல்லவில்லை என்பது எனக்கும் புரிந்தது.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அவர் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீடு சாத்தியிருந்தது; மழைக்காகச் சாத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். திரையில் நரி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, எங்க யானை எங்க?”

அவர் திரும்பவில்லை. விரல்கள் மட்டும் ஓடின.

“ஒங்கப்பாவப் போய்க் கேளு.”

வீட்டுக்குள் அம்மா பீங்கான் தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினார்.

“எல்லாரும் போய்ட்டாங்கம்மா. கடைசி ஆளா நிக்கப் பயமா இருக்கு.”

“கடைசி ஆள் நீங்க இல்லப்பா.”

சுவருக்கு அந்தப் பக்கம் அந்த இசை கேட்டது; நரி சாகும்போது வரும் இசை. மறுபடி தொடங்கியது. மறுபடி செத்தது. ஒற்றை மிருகத்தை வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தாண்ட முடியாது போலிருக்கிறது. பிற்பாடு ஒருநாள் என் டைரியில் அந்தத் தேதியைப் புரட்டிப் பார்த்தேன்: “மழை. வீடு மாறுகிறோம்.” அழகான கையெழுத்து.

நாங்கள் லாரி ஏறியபோது சரோஜாக்கா வெளியே வரவில்லை. பிறகு அவர்கள் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள், அதன் பிறகு மின்சாரத்தை. ஊத்தான் மெலிந்தாங்கில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பலர் வாய் வழியாகத் தெரிந்தது. மாற்று வீடு யாருக்கும் கிடைக்கவில்லை. அப்பா சாகும்வரை அந்தச் சாலைப் பக்கம் போகவில்லை.

வாங்கிய டைரியைப் பக்கத்து இருக்கையில் போட்டுக்கொண்டு அங்காடியிலிருந்து நேரே தோட்டத்துக்குக் காரை ஓட்டிப்போனேன். செம்மண் சாலை தார்ச்சாலையாகியிருந்தது. கோயில் இருந்த மேட்டைத் தேடினேன், மேடே இல்லை. ஒரே மாதிரி வெள்ளை வீடுகள், பூக்களின் பெயரில் சந்துகள், நுழைவில் ஒரு தடுப்புக் கம்பி. காவலர் தாளும் பேனாவுமாகக் காரின் பக்கம் குனிந்தார்.

“நாக் சாரி சியாப்பா, அக்கா?” யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பிறகு, வீட்டு எண் என்ன என்றார்.

எனக்குச் சொல்ல எண் இல்லை. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. திரும்பிப் போகும்படி அவர் பொறுமையாகவே கையைக் காட்டினார். நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன்.