கட்டைவிரலால் கரண்ட் பார்க்கிறவர்

பெரிய காஞ்சிபுரத்தில் டீ குடித்துவிட்டுத் திருப்பருத்திக்குன்றம் கிளம்புகிறேன். ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, என் பழைய மோட்டார் சைக்கிள் நின்றுவிடுகிறது. தள்ளிக்கொண்டு ஒரு மெக்கானிக் கடைக்கு வருகிறேன்.

வண்டியைப் பார்த்ததும் மெக்கானிக் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "பொறி கிளப்புறதுக்குப் பாயிண்ட் வெச்ச பழைய வண்டி! இதுல கரண்ட் எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்பா. கிக்கரை ஒதைங்க."

பிளக் வயரைப் பிடுங்கி, அதன் முனையில் கட்டைவிரலை வைத்துக்கொள்கிறார். கரண்ட் பார்க்க அவருக்கு டெஸ்டர் கிடையாது, அந்த விரல்தான். நானும் வேடிக்கை பார்க்கிற ஆசையில் உதைக்கிறேன்.

அடுத்த நொடி அவர் டயர் அடுக்கின்மேல் மல்லாந்து கிடக்கிறார்.

ஓடிப்போய் அவரைப் பிடித்து உலுக்குகிறேன். போன மாதம்தான் பாயிண்டைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டேன். அதன் அடி ரொம்பப் பலம். அதைச் சொல்லாமல் உதைத்திருக்கிறேனே, என்ன மனுஷன் நான்!

"அண்ணே! அண்ணே!"

கண்ணைத் திறக்கிறார். தண்ணீரைக் கொடுத்து, உண்மையைச் சொல்லி, திட்டுக்காகக் காத்து நிற்கிறேன். அவர் விரலை உதறிக்கொண்டே பெட்ரோல் டேங்குக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்.

"கரண்ட் சூப்பரா இருக்குது. பெட்ரோல் டேப்பை யாருப்பா மூடி வெச்சது?"