எதிரி லாரிமேல் தைத்த வேட்டி

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு ஆம்பூரில் துரைசாமி லாரி செட் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், யாராக இருந்தாலும் வழி சொல்வார்கள். அப்பன் சொத்து ஒரு காசு இல்லை, எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. மீசை முளைக்கும்வரை தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோலைச் சுருங்காமல் காயப் பலகையில் இழுத்து விரித்து ஆணி அடித்தேன். அப்புறம் பட்டாளத்தில் டிரைவர். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் இரண்டு வேலையும் ஒன்றாகக் கைகொடுத்தது.

கிழக்கு எல்லையில் பாகிஸ்தான் லாரி ஒன்றைப் பிடித்திருந்தோம். பிடித்த வண்டியின் கூரையில் வெள்ளைப் பட்டை போட வேண்டும் என்பது எங்களுக்கு உத்தரவு. இல்லையென்றால் நம் விமானமே எதிரி என்று சுட்டுவிடும். எங்களிடம் பெயின்ட் தீர்ந்திருந்தது. எங்கள் பட்டாளத்து ஆலங்காயத்துக்காரன் பூவரசனுக்குத் தொடையில் குண்டு. போட்ட கட்டெல்லாம் நனைந்துகொண்டே இருந்தது. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வண்டியும் இல்லை.

"இருட்டட்டும், அப்புறம் எடு," என்றார் சுபேதார்.

"அதுவரைக்கும் இவன் தாங்க மாட்டான் சாப். ஒரு வெள்ளைத் துணி குடுங்க, நான் பார்த்துக்கறேன்."

எல்லார் மூட்டையையும் கவிழ்த்தோம். வந்ததெல்லாம் குடியாத்தம் லுங்கி, அத்தனையும் கட்டம் போட்டது. வெள்ளையாக இருந்தது பூவரசனின் சரிகை வேட்டி மட்டும்.

"டேய், அது கல்யாணத்துக்கு வாங்கனதுடா!"

"மொதல்ல மாப்ளை ஊர் போய்ச் சேரட்டும். கம்முனு படு."

வேட்டியைச் சும்மா கட்டினால் காற்றில் சுருண்டுகொள்ளும். நான் அதை நனைத்தேன். தோலை இழுப்பதுபோல நடுவிலிருந்து நான்கு மூலைக்கும் இழுத்து, கூரைக் கித்தானோடு சேர்த்துச் சுற்றிலும் கோணி ஊசியால் தைத்தேன். வண்டி ஓட ஓட அது காய்ந்து, ஒரு சுருக்கம் இல்லாமல் இறுகிவிட்டது.

பாதி வழியில் நம் விமானம் தாழ வந்தது.

"இன்னாடா சத்தம்?" என்று பின்னாலிருந்து பூவரசன் கத்தினான்.

"நம்மாளுதான். உன் வேட்டியைப் பார்க்க வர்றான்."

வேறொருவன் என்றால் வண்டியை விட்டுக் குதித்திருப்பான். நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. விமானம் தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றியது, இறக்கையை ஆட்டியது, போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் குண்டை எடுத்தார்கள். பூவரசன் பிழைத்தான், காலும் தப்பியது. இன்றும் பஸ் ஏறி என் லாரி செட்டுக்கு வருகிறான். அவன் நடக்கிற நடை என் உபயம் என்று டீக்கடையில் எல்லார் எதிரிலும் சொல்வேன்.

"அட போய்யா," என்பான். "குண்டு பட்டதே மறந்துபோச்சு. நீ ஓட்டன ஓட்டுல இடுப்பு போனதுதான் இன்னும் வலிக்குது."